குறட்டை ஒன்றும் காமெடி இல்லை

போன மே மாசம் ஒரு கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு திருநெல்வேலிக்கு ரயிலில் போனோம். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் என் பெரியப்பா கச்சேரியை ஆரம்பித்தார். பெட்டியே சிரித்தது. நான் ஒரு படி மேலே போய் அதை செல்போனில் ரெக்கார்ட் செய்து குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டேன். வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள் வந்து விழுந்தன. எனக்கு ஒரே பெருமை.

ரெண்டு நாள் கழித்து ஹெட்போனில் மறுபடி கேட்டேன். குறட்டை ஏறிக்கொண்டே போகிறது. திடீரென்று நிற்கிறது. சத்தமே இல்லை. 22 நொடி. அப்புறம், தண்ணீருக்குள் மூழ்கியவர் மேலே வந்த மாதிரி ஒரு பெரிய மூச்சு. நாங்கள் எல்லோரும் சிரித்தது அந்த மூச்சுக்குத்தான்.

சரி, மேட்டருக்கு வருகிறேன். 'நல்லா அசந்து தூங்குறவன்தான் குறட்டை விடுவான்' என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இதைவிட ஆபத்தான பொய் கிடையாது. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுப் பாதை குறுகுவதால் வருவதுதான் குறட்டை. அந்தப் பாதை முழுசாக அடைத்து, பத்து நொடிக்கு மேல் மூச்சு நின்றால் அதற்குப் பெயர் ஸ்லீப் ஆப்னியா. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. மூளை பதறிப்போய் உடம்பைத் தட்டி எழுப்புகிறது. அட்ரினலின் ஏறுகிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது. தூங்குகிறவருக்குக் காலையில் எதுவுமே ஞாபகம் இருக்காது. இதயத்துக்கு மட்டும் ராத்திரி முழுக்க ஓவர்டைம்.

பி.காம் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? கணக்குப் போடத் தெரியுமே! பெரியப்பாவைப் படாதபாடுபட்டு டெஸ்ட்டுக்குக் கூட்டிப் போனோம். மணிக்கு 38 தடவை என்று வந்தது. 30-ஐத் தாண்டினாலே தீவிரம் என்கிறார்கள். ஏழு மணி நேரத் தூக்கத்துக்கு 266 தடவை. அவர் ஆறு வருஷமாக பிபி மாத்திரை சாப்பிடுகிறார். டோஸ் ஏறியதே தவிர, 'ராத்திரி குறட்டை விடுவீங்களா?' என்று எந்த டாக்டரும் கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை. சிரிப்பு சமாச்சாரத்தை டாக்டரிடம் யார் சொல்வார்கள்?

அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்த ஆய்வு 2000-ல் வெளிவந்தது. மணிக்கு 15 தடவைக்கு மேல் இந்தச் சிக்கல் இருந்தவர்களுக்கு, நாலு வருஷத்தில் உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. தாறுமாறான இதயத்துடிப்புக்கும் பக்கவாதத்துக்கும்கூட இதோடு தொடர்பு இருக்கிறது. 2022 பிப்ரவரியில் மும்பையில் பப்பி லஹிரி இறந்தபோது டாக்டர் சொன்ன காரணமும் ஸ்லீப் ஆப்னியாதான்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். குறட்டை விடுகிற எல்லோருக்கும் ஆப்னியா இல்லை. இதற்கான சிபேப் கருவியும் மந்திரக்கோல் இல்லை. ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த சுமார் 2,700 பேரை வைத்து 2016-ல் வந்த பெரிய ஆய்வில், கருவி மாட்டியதால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. 'பார்த்தியா, அப்புறம் எதுக்குச் செலவு?' என்று என் சித்தப்பா குதித்தார். ஆனால் அதில் அவர்கள் கருவியை மாட்டியிருந்தது ஒரு ராத்திரிக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்தான். பாதி மாத்திரையைத் தின்றுவிட்டு மருந்து வேலை செய்யலை என்று சொல்லலாமா? அதே ஆய்வில் பகல் தூக்கம் குறைந்தது. லாரி ஓட்டுகிறவருக்கு அது சின்ன விஷயமா?

நம் ஆட்களுக்கு கும்பகர்ணன் என்றாலும் சிரிப்பு, 2023-ல் வந்த 'குட் நைட்' படத்தில் ஹீரோவுக்கு 'மோட்டார் மோகன்' என்று பட்டப்பெயர் வைத்தாலும் சிரிப்பு. படத்தில் சிரிப்போம், தப்பில்லை. வீட்டில் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வதுதான் தப்பு. மூச்சு நிற்பது தூங்குகிறவருக்குத் தெரியாது. பக்கத்தில் படுத்திருக்கிற நமக்குத்தான் தெரியும். சாட்சி நாம்தான்.

இன்றைக்கு ராத்திரி உங்கள் அப்பாவோ, ஹாஸ்டல் ரூம்மேட்டோ குறட்டை விட்டால், சத்தம் நிற்கிற இடத்தில் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பாருங்கள். பத்தைத் தாண்டினால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ரெக்கார்ட் செய்தாலும் சரி, அதை டாக்டரிடம் போட்டுக் காட்டுங்கள்.

குரூப்பில் போடாதீர்கள். நான் போட்டதை அழித்துவிட்டேன்.