முப்பதாயிரம் ரூபாய் இயர்போன்... கேஸ்கெட் சரியாக இருக்கிறதா?

விலை உயர்ந்த இயர்போன் வாங்கியவர்களில் பலர் முதல் வாரத்திலேயே சொல்லும் புகார் இது: ‘கொடுத்த காசுக்குச் சத்தம் நல்லா இல்லை.’ பாடகியின் குரல் கூர்மையாகக் கேட்கிறது. ஜால்ரா காதைக் குத்துகிறது. ஆனால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை. உடனே சந்தேகங்கள் வரிசையாகக் கிளம்பும். போன் சரியில்லையோ, பாட்டு ஆப் சரியில்லையோ, கடைக்காரர் டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டாரோ?

இதில் எதையும் விசாரிக்கும் முன்பு பார்க்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு. இயர்போன் பெட்டிக்குள் ஒரு சின்ன உறையில் போட்டுக் கொடுக்கிறார்களே, அந்த ரப்பர் மூடிகள். கடையில் ‘இயர் டிப்’ என்பார்கள். ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடுத்தர அளவை அப்படியே காதில் செருகிக்கொண்டு, மற்றதைப் பெட்டியோடு பரணில் போட்டுவிடுவதுதான் வழக்கம். புகார்களில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

விசில் வராத குக்கர்

குக்கர் வைத்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கேஸ்கெட் தளர்ந்துபோன குக்கரில் எவ்வளவு தீயைக் கூட்டினாலும் விசில் வராது. ஆவி ஓரமாகக் கசிந்துகொண்டே இருக்கும். பருப்பு வேகாது, கேஸ்தான் தீரும்.

காதுக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. பெரியவர்களின் காதுத் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள சிறு குழாய். அதன் உள்முனையில் செவிப்பறை இருக்கிறது. இயர்போன் அந்தக் குழாயின் வாயை அடைத்து, உள்ளே சிக்கிய கொஞ்சூண்டு காற்றை அழுத்தியும் தளர்த்தியும் செவிப்பறையை அசைக்கிறது. பெரிய ஸ்பீக்கர் ஒன்று அறை முழுக்கக் காற்றைத் தள்ளிக் கொடுக்கும் கனமான ஒலியை, விரல் நகம் அளவுள்ள பொருளால் கொடுக்க முடிவதற்குக் காரணம் அந்த இடம் மூடியிருப்பதுதான்.

ஓரத்தில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தால் முதலில் ஓடிப்போவது பேஸ் எனப்படும் கீழ் ஒலிகள். கூர்மையான மேல் ஒலிகளுக்கு அவ்வளவாகப் பாதிப்பில்லை. அதனால்தான் தொப்பி காணாமல் போய் ஜால்ரா மட்டும் மிஞ்சுகிறது. கேட்பவர் என்ன செய்வார்? வால்யூமைக் கூட்டுவார். போன பேஸ் திரும்பி வராது, ஏற்கெனவே குத்திக்கொண்டிருந்த ஒலிதான் இன்னும் குத்தும். குக்கரில் வீணாவது கேஸ். இங்கே வீணாவது காது.

முதலில் அடை, பிறகு பாடு

இந்தக் கருவிகள் பிறந்த கதையைப் பார்த்தால், காதைச் சரியாக அடைப்பது எவ்வளவு முக்கியம் என்பது புரியும்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1983-ல் மீட் கில்லியன் என்ற கேட்டல் துறை விஞ்ஞானி எட்டிமோட்டிக் ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1991-ல் அங்கிருந்து வந்த ‘ஈஆர்-4’, உயர்தர இன்-இயர் வகைக்கு முன்னோடியாக இன்றும் பேசப்படுகிறது. காது கேட்கும் கருவிகளில் இருந்த சின்னஞ்சிறு ஒலிப்பான்தான் அதன் உள்ளேயும் இருந்தது. மூன்றடுக்குக் குடை போன்ற டிப், காதுக்குள் ஆழமாகப் போய் உட்காரும்.

இன்னொரு கிளை மேடையில் முளைத்தது. வான் ஹேலன் ராக் குழுவின் ஒலிப்பொறியாளர் ஜெர்ரி ஹார்வி, அந்தக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகக் காதுக்குள் வைக்கும் மானிட்டரை உருவாக்கினார். அதிலிருந்து 1995-ல் அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் பிறந்தது. மேடை இரைச்சலுக்கு நடுவே தங்கள் வாசிப்பைக் கேட்கக் கலைஞர்கள் ஸ்பீக்கரை அலறவிட வேண்டியிருந்தது. வெளிச்சத்தத்தை அடைத்துவிட்டால் குறைந்த ஒலியிலேயே கேட்கலாம் என்பதே இந்த மானிட்டர்களின் அடிப்படை. இன்றும் பெரிய மேடைக் கலைஞர்கள், பல் செட்டுக்கு அச்செடுப்பதுபோலக் காதுக்கு அச்செடுத்துத்தான் மானிட்டர் செய்துகொள்கிறார்கள்.

நமக்கு அச்செடுக்கும் செலவு தேவையில்லை. பெட்டியில் வந்த மூடிகளே பெரும்பாலும் போதும். அவற்றை முறையாகப் போட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்த மூடி, எப்படி மாட்டுவது?

எல்லா அளவுகளையும் மேஜையில் எடுத்து வையுங்கள். வலிக்காமல், உறுத்தாமல் உட்காரும் டிப்களில் பெரியதே பெரும்பாலும் சரியான அளவு. இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வலது காதுக்கு நடுத்தரமும் இடது காதுக்குப் பெரியதும் பொருந்தினால் அப்படியே போட்டுக்கொள்ளலாம்.

மாட்டுவதற்கும் முறை உண்டு. காதுத் துளை நேர்க்கோடு அல்ல, சற்று வளைந்தது. வலது காதில் மாட்டும்போது, இடது கையைத் தலைக்குப் பின்புறமாகக் கொண்டுபோய் வலது காதின் மேல்பகுதியைப் பிடித்து, மேலும் பின்னுமாக மெல்ல இழுங்கள். துளை நேராகும். வலது கையால் இயர்போனை லேசாகத் திருகியபடி உள்ளே வைத்துவிட்டு, காதை விடுங்கள். டிப்பைச் சுற்றிக் காது தானே இறுக்கிக்கொள்ளும். ஸ்பாஞ்சு போன்ற ஃபோம் டிப் என்றால் முதலில் விரல்களால் உருட்டி ஒல்லியாக்கி, உள்ளே வைத்து, அது விரியும் வரை அரை நிமிடம் பிடித்திருங்கள்.

சரியாக அடைத்திருக்கிறதா என்று பார்க்க மூன்று எளிய சோதனைகள்.

ஒன்று, பாட்டைப் போடாமலே பேசிப் பாருங்கள். உங்கள் குரல் குடத்துக்குள் இருந்து வருவதுபோலக் கும்மென்று கேட்க வேண்டும். மின்விசிறிச் சத்தம் தள்ளிப்போயிருக்க வேண்டும்.

இரண்டு, நன்கு பழகிய பாட்டைப் போடுங்கள். இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனி மெட்டாகவே ஓடிக்கொண்டிருக்கும். அதையோ, ஒரு தனி ஆவர்த்தனத்தையோ கேட்டபடி இயர்போனை விரலால் மிக மெதுவாக அழுத்துங்கள். அழுத்தியதும் பேஸ் பொங்கி வந்தால், அதுவரை கசிவு இருந்தது என்று அர்த்தம். எந்த மாற்றமும் இல்லையென்றால் டிப் சரியாக உட்கார்ந்திருக்கிறது.

மூன்று, வாயைத் திறந்து மூடுங்கள், மெல்லுவதுபோல் தாடையை அசையுங்கள், தலையைத் திருப்புங்கள். அப்போது பேஸ் போய்ப் போய் வந்தால் அளவை மாற்ற வேண்டும். சில வயர்லெஸ் இயர்பட்களின் ஆப்பிலேயே டிப் பொருத்தத்தைச் சோதிக்கும் வசதி இருக்கிறது. அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். வெளி இரைச்சலை நீக்கும் நாய்ஸ் கேன்சலிங் வசதியும் கசிவு இருந்தால் பாதிதான் வேலை செய்யும்.

‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் ஊசியாகக் குத்துகின்றனவா? டிப்புக்கும் செவிப்பறைக்கும் உள்ள தூரம் மாறினால் மேல் ஒலிகளின் தன்மையும் மாறும். கொஞ்சம் ஆழமாக வைத்துப் பாருங்கள், அல்லது ஃபோம் டிப் போட்டுப் பாருங்கள். அது கூர்மையைச் சற்றுத் தணிக்கும். ஆனால் ஃபோம் சில மாதங்களில் தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும். எதையும் வலிக்கும் அளவுக்குத் திணிக்கக் கூடாது. கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காமல் மெல்லத் திருகி எடுங்கள். காதில் சீழ், வலி, செவிப்பறையில் ஓட்டை போன்ற தொல்லை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இன்-இயர் போடக் கூடாது.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால், அந்த இயர்போனின் வலையைப் பாருங்கள். குறும்பி அடைத்திருக்கலாம். டிப்பைக் கழற்றிவிட்டு, வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, காய்ந்த மெல்லிய பிரஷால் துடைத்தால் போதும். ஊசியால் குத்தினால் வலை கிழியும். சிலிக்கான் டிப்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைத்து மாட்டலாம். காதுக்குள் பட்ஸ் விட்டுக் குடைவது குறும்பியை இன்னும் உள்ளே தள்ளும், அது வேண்டாம்.

அடுத்தது போன்

டிப் சரியான பிறகுதான் போனைப் பார்ப்பதில் பொருள் உண்டு. முதலில் பாட்டு ஆப்பின் செட்டிங்ஸ். டேட்டா மிச்சம் பிடிக்கத் தரத்தைக் குறைக்கும் வசதி ஆனில் இருந்தால், வைஃபையில் கேட்கும்போதாவது அதை நிறுத்திவிட்டு உயர்ந்த தரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வயர் உள்ள இயர்போனை ஹெட்போன் துளை இல்லாத போனில் இணைக்க யுஎஸ்பி-சி அடாப்டர் வேண்டும். டிஜிட்டல் பாட்டை ஒலியாக மாற்றும் ‘டாக்’ சிப் உள்ளேயே இருக்கும் அடாப்டராகக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாத மலிவு வகை எல்லா போன்களிலும் வேலை செய்யாது. பெரும்பாலான இன்-இயர்களுக்கு மிகக் குறைந்த மின்சக்தியே போதும். தனியாகப் பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கினால், பாட்டுக்கு நடுவே ‘உஸ்’ என்ற இரைச்சல்தான் கூடும் வாய்ப்பு அதிகம்.

ப்ளூடூத்தில் பாட்டு சுருக்கப்பட்டுத்தான் போகிறது. சி.டி. தரத்துக்கு விநாடிக்கு 1,411 கிலோபிட் தேவை. சோனியின் எல்டாக் முறை அதிகபட்சம் 990 வரை அனுப்பும். எல்லாக் கருவிகளிலும் இருக்கும் எஸ்பிசி முறையில் பொதுவாக 328-தான் உச்சம். ஐபோன்களில் எல்டாக் கிடையாது, ஏஏசி முறைதான். ஆண்ட்ராய்டு போனும் இயர்பட்டும் எல்டாக்கை ஆதரித்தால், ப்ளூடூத் செட்டிங்ஸில் இயர்பட் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரத்தைத் தொட்டு அதை ஆன் செய்யலாம். என்றாலும், இந்த முறைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை அமைதியான அறையில் கூர்ந்து கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கசியும் டிப்பை மாற்றினால் வரும் வித்தியாசம் பாட்டியின் காதுக்குக்கூடத் தெரியும்.

ஈக்வலைசர் கடைசியில். பேஸ் போதவில்லை என்று பேஸை ஏற்றுவதைவிட, குத்தும் மேல் ஒலியைக் கொஞ்சம் இறக்குவது நல்லது. எல்லாவற்றையும் ஏற்றிவைத்தால் ஒலி உடைந்து கரகரக்கும்.

இரண்டு இயர்போன்களையோ டிப்களையோ ஒப்பிடும்போது ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதையே ‘இது நல்லா இருக்கு’ என்று மனம் சொல்லும். இரண்டையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகே தீர்ப்பு சொல்லுங்கள்.

தீயைக் குறைக்கலாம்

கேஸ்கெட் சரியான குக்கருக்குச் சிறு தீ போதும். இயர்போனில் கிடைக்கும் பெரிய லாபமும் இதுதான். ஓடும் பஸ்ஸுக்குள் 80 டெசிபல் இரைச்சல் சாதாரணம். கசியும் டிப்போடு பாட்டு கேட்பவர் அதையும் மீறி வால்யூமை ஏற்றுகிறார். நன்றாக அடைத்திருந்தால் அந்த இரைச்சலில் பெரும்பங்கு வெளியே நின்றுவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை 80 டெசிபலில் பாதுகாப்பாகக் கேட்கலாம். அதுவே 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பத்து டெசிபல் கூடியதற்கு நேரம் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. குழந்தைகளுக்கு வரம்பு இன்னும் குறைவு, 75 டெசிபல். ஐபோனிலும் வேறு பல போன்களிலும் எவ்வளவு சத்தத்தில் கேட்கிறோம் என்று பார்க்கவும், அதற்கு மேல் போகாமல் பூட்டவும் வசதி இருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் இயர்போன் போட்டால் அந்தப் பூட்டைப் போட்டுக் கொடுங்கள்.

ஒவ்வொரு உள்காதிலும் ஒலியை உணரும் முடி செல்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. மனிதர்களுக்கு அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. பாட்டை நிறுத்திய பிறகும் ‘ஙொய்’ என்று காதிரைச்சல் கேட்டால், பக்கத்தில் பேசுபவர் குரல் பஞ்சு வைத்ததுபோல மங்கினால், அன்றைக்கு இயர்போன் போதும். அடுத்த நாளும் தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நன்றாக அடைக்கும் இயர்போன் லாரி ஹாரனையும் ரயில் சத்தத்தையும் சேர்த்தே அடைக்கும். சாலையிலும் தண்டவாளத்தின் அருகிலும் வண்டி ஓட்டும்போதும் அது பையில் இருக்கட்டும்.

இன்று டிப்பை மாற்றிப் பார்க்கப் போகிறவர்கள், அதற்கு முன் வால்யூம் எத்தனையாவது படியில் இருக்கிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். சரியான டிப் உட்கார்ந்ததும் அதே பாட்டை, அதே பஸ்ஸில், முன்பைவிடச் சில படிகள் கீழேயே வைத்துக் கேட்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், கொடுத்த காசு வசூல்.