பூட்டில்லாக் கதவுகள்

இல்லாத நாடொன்றுக்கு வீடு சமைப்போனுக்குக் கல்லும் மரமும் கவலையல்ல. அங்கு எத்தகைய மனிதர் வாழ்தல் வேண்டும் என்பதே அவன் சிந்தனை. இங்கிலாந்தின் அறிஞர் தோமஸ் மோர் இலத்தீன் மொழியில் எழுதி, 1516ஆம் ஆண்டு வெளிவந்த 'யூற்றோப்பியா' இதற்கு நல்ல சான்றாகும்.

அவர் கற்பித்த தீவில் 54 நகரங்கள் உள. தெருக்களின் அகலம் 20 அடி. மூன்று தட்டு வீடுகள்; சுவர்களின் முகப்பு கல்லாலோ, சாந்தாலோ, செங்கல்லாலோ ஆயது. தட்டையான கூரைமேல் தீப்பற்றாத சாந்து பூசப்பெற்றுள்ளது. கதவுகளுக்குப் பூட்டில்லை. தனியுடைமை இல்லா நாட்டில் பூட்டு எதற்கு? பத்தாண்டுக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி வீடுகளை மாற்றிக்கொள்வர்.

மரவீடுகள் நெருங்கிய இலண்டன் மாநகர் 1666இல் பெருந்தீக்கு இரையாயிற்று. புதிய வீடுகளின் புறச்சுவர்களைச் செங்கல்லாலோ கல்லாலோ கட்டுதல் வேண்டும் என்ற சட்டம் 1667இலேதான் பிறந்தது. மோரின் கற்பனை ஒன்றரை நூற்றாண்டு முந்திக்கொண்டது!

ஆயினும், நிலம் இடந்தரும் அளவில் எல்லா நகரங்களும் ஒன்றுபோலவே இருக்கும் என்கிறார் மோர். அதனை நாம் விரும்போம். ஊருக்கு ஊர் தனிமுகம் வேண்டும்.

நம் உள்ளத்தைக் கவர்வன வீட்டின் பின்னுள்ள தோட்டங்களே. பத்தாண்டில் விட்டு நீங்கும் வீடென்று அறிந்தும், அம்மக்கள் திராட்சைக் கொடியும் கனிமரமும் பேணுகின்றனர். இதில் தெருவுக்குத் தெரு போட்டியும் உண்டு. பின்வருவோன் உண்ணும் கனிக்கு இன்று நீர் வார்க்கும் மனம் நமக்கும் உண்டா? மாணவர்கள் சிந்திப்பாராக.