நந்தினிக்கு யார் குரல்?

உங்கள் வீட்டில் இந்த விளையாட்டு நடந்ததுண்டா? 'பொன்னியின் செல்வ'னைப் படமாக எடுத்தால் வந்தியத்தேவனாக யாரைப் போடலாம், குந்தவையாக யாரைப் போடலாம், நந்தினியாக நடிக்க யாருக்குத் தைரியம் வரும் என்று அடுப்படியில் உட்கார்ந்து பட்டியல் போடும் விளையாட்டைத்தான் சொல்கிறேன். நடந்ததே இல்லை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். 1950 அக்டோபரில் 'கல்கி' பத்திரிகையில் ஆரம்பித்து 1954 மே மாதம் முடிந்த அந்தத் தொடர்கதையைப் படித்த வீடுகளில் எல்லோருமே டைரக்டர்கள்தான். 1958-ல் எம்.ஜி.ஆர். அதன் சினிமா உரிமையை வாங்கியதும் விளையாட்டு இன்னும் சூடு பிடித்தது. அவர் எடுக்க நினைத்த படம் வரவில்லை. ஆனால் பட்டியல் போடுவது மட்டும் நிற்கவில்லை.

கடைசியில் மணிரத்னம் எடுத்தார். முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-ஆம் தேதியும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28-ஆம் தேதியும் வெளிவந்தன. அறுபது வருஷத்துக்கு மேல் காத்திருந்த குடும்பங்கள் தீர்ப்புச் சொல்ல வரிசையாக உட்கார்ந்தன. நானும் தியேட்டரில் பார்த்துவிட்டு என் தீர்ப்பைச் சொன்னேன். வந்தியத்தேவன் பிரமாதம், குந்தவை பரவாயில்லை, நந்தினி மட்டும் சரியில்லை. "இது மணியம் வரைந்த நந்தினி இல்லை" என்று ஒரே வரியில் வழக்கை முடித்துவிட்டேன்.

சென்ற சீசனில் கொடைக்கானலுக்குப் போனபோது, அந்தத் தீர்ப்பை நானே ரத்து செய்ய வேண்டி வந்தது. அது எப்படி என்று கேளுங்கள்.

கொடைக்கானலில் நாயுடுபுரத்துப் பக்கம் என் மாமா வீடு இருக்கிறது. 1899-ல் ஏற்பட்ட வானாராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் மாமா. வாழ்நாளெல்லாம் சூரியனோடு சம்பந்தப்பட்ட உத்தியோகம்! நான் போயிருந்த நாட்களிலோ சூரியனைக் கண்ணால் காண முடியவில்லை. ஏழாயிரம் அடி உயரத்தில் மேகம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் மரமா மனுஷனா என்று தெரியாது. கோக்கர்ஸ் வாக்குக்குப் போய்ப் பள்ளத்தாக்கைப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டு, காரட்டும் பேரிக்காயும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். ராத்திரிப் பொழுது போக வேண்டுமே என்று, டெலிவிஷனில் 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகத்தையும் இரண்டு ராத்திரியில் போட்டுப் பார்ப்பதென்று முடிவாயிற்று.

கூடத்தில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஐந்து பேர். மாமா, மாமி, நான், மாமாவின் பேத்தி, என் பாட்டி. பேத்திக்குப் பதினொரு வயது. பெங்களூரில் படிக்கிறாள். தமிழ் பேசுவாள். படிப்பது மட்டும் எழுத்துக் கூட்டித்தான். பாட்டிக்கு எண்பத்தைந்து. கும்பகோணத்துப் பெண். தொடர்கதை வந்த நாளில் பத்து வயது. பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் அண்ணன்மாருக்கு முன்னால் அதைக் கைப்பற்ற வேண்டும் என்று வாசலிலேயே காவல் நிற்பாளாம். பக்கங்களைக் கிழித்து அடுக்கி, பைண்டு செய்த ஐந்து புஸ்தகங்களும் கல்யாணச் சீரோடு மலையேறி வந்து இன்னும் மாமாவின் அலமாரியில் இருக்கின்றன. ஆனால் பாட்டியால் இப்போது அவற்றைப் படிக்க முடியாது. கண்ணில் நடுப் பார்வை போய்விட்டது. ஓரத்தில் மட்டும் நிழல் போலத் தெரியும். கொடைக்கானலுக்குச் சில நாள்தான் மேகம், பாட்டிக்கு வருஷம் பூராவும் மேகம்.

"எனக்கென்னடி கஷ்டம்? அந்த நாளில் ரேடியோவில் ஒலிச்சித்திரம் வைப்பான். சினிமாவையே காதால் பார்த்தவள் நான்" என்று பாட்டி காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள்.

படம் ஆரம்பித்தது. எங்களுக்கெல்லாம் முகம் முதலில் வந்தது, பாட்டிக்குக் குரல் முதலில் வந்தது. அங்கேதான் தீர்ப்புகள் தடம் மாறத் தொடங்கின.

கார்த்தியின் வந்தியத்தேவனுக்கு வீட்டில் ஆட்சேபமே இல்லை. "பேசும்போதே சிரிக்கிறான் பார், இவன்தான்" என்றாள் பாட்டி. ஜெயராமின் ஆழ்வார்க்கடியானுக்கு, "குரலிலேயே தொந்தி தெரிகிறது" என்று சர்ட்டிபிகேட். ஜெயம் ரவியின் அருள்மொழிவர்மன் பேச ஆரம்பித்ததும், "சத்தம் போடாமல் உத்தரவு போடுகிறான், நல்லது" என்றாள். த்ரிஷாவின் குந்தவைக்கும் அதே வகையில் மார்க்கு கிடைத்தது. அலங்காரத்தைக் காட்டிலும் அதிகாரம் பெரிசு என்பது பாட்டியின் கட்சி.

பெரிய பழுவேட்டரையராகச் சரத்குமார் வந்தபோது மாமி குறுக்கிட்டாள். "அறுபது தாண்டின கிழவர் என்று கதையில் வருமே! இவர் இப்படிக் கட்டுமஸ்தாக இருக்கிறாரே!" என்றாள். நான் கணக்குச் சொன்னேன். சரத்குமார் பிறந்தது 1954-ல். அதாவது, தொடர்கதை முடிந்த அதே வருஷம். படம் வந்தபோது அவருக்கு அறுபத்தெட்டு! கிழவரைக் கிழவராகவே போட்டும் நமக்குத் திருப்தியில்லை என்றால், நாம் ஒப்பிட்டுப் பார்ப்பது கதையோடு இல்லை, நம் மனசில் இருக்கும் பொம்மையோடு என்றுதானே அர்த்தம்?

வயசு விஷயத்தில் எதிர்ப்பக்கத்து வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். "எல்லாரும் அங்கிள், ஆன்ட்டியாகவே இருக்கிறார்களே!" என்றது குட்டி. அது பொய்யில்லை. கதையில் ஆதித்த கரிகாலன் வாலிபன். அவன் செய்யும் தப்புகளெல்லாம் வாலிபத்தின் தப்புகள். விக்ரமுக்குப் படம் வந்தபோது ஐம்பத்தாறு வயது. ஆகவே திரையில் நாம் பார்ப்பது இளைஞனின் அவசரத்தை அல்ல. பல வருஷம் ஊறிப்போன பச்சாத்தாபத்தைத்தான் பார்க்கிறோம். பாசறையில் அவன் தன் பழைய காதலைச் சொல்லிப் புலம்பும் இடத்தில் அது நன்றாகவே பொருந்துகிறது. கல்கியின் கரிகாலன் இவன் இல்லை, ஆனால் வேஷமும் இல்லை. இன்னொரு கரிகாலன் என்று ஒப்புக்கொண்டு மார்க்கைக் கொடுத்துவிடலாம்.

இனி நந்தினிக்கு வருகிறேன். ஐசுவர்யா ராய் முதன்முதல் வாயைத் திறந்தாரோ இல்லையோ, பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இந்தக் குரலை எனக்குத் தெரியுமே! 'கோலங்க'ளில் அபிக்குச் சிநேகிதியாக உஷா வருவாளே, அந்தப் பெண் இல்லையோ?"

மாமா சிரித்தார். "உலக அழகி அம்மா அது. டெலிவிஷன் சீரியல் பெண் இல்லை" என்றார். பாட்டி விடவில்லை. "முகத்தை நீ பார்த்துக்கொள். குரல் அவளுடையது. ஆறு வருஷம் தினம் ராத்திரி நம் கூடத்தில் பேசினவளை எனக்குத் தெரியாதா?"

சகோதரிகளே, பாட்டிதான் ஜெயித்தாள். தமிழில் நந்தினிக்குக் குரல் கொடுத்தவர் தீபா வெங்கட். 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' தொடரில் உஷாவாக நடித்தவர். பத்திரிகைக்காரி நான் உட்கார்ந்திருக்க, கண் தெரியாத பாட்டி கண்டுபிடித்ததில் எனக்கு மகா வெட்கம்.

அதற்குப் பிறகு நான் வேறு விதமாகக் கேட்கத் தொடங்கினேன். நந்தினியின் ஆயுதம் அழகு என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் கதையை நினைத்துப் பாருங்கள், அவள் வேலை வாங்குவதெல்லாம் பேச்சினால். கிழக் கணவரைக் குழந்தை போல ஆக்குவதும், வந்தியத்தேவனைத் தடுமாற வைப்பதும், பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளைக் கட்டி வைப்பதும் பேச்சுத்தான். தீபா வெங்கட் அந்தப் பேச்சைச் சத்தமில்லாமல், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டுப் பேசுகிறார். ஐசுவர்யா ராய் அந்த இடத்தில் இமையை மட்டும் அசைக்கிறார். தஞ்சை அரண்மனையில் குந்தவையும் நந்தினியும் எதிரெதிரே நிற்கும் காட்சியைத் தியேட்டரில் பார்த்தபோது நான் புடவையையும் நகையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இம்முறை கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் புகழ்ந்துகொண்டே கத்தி வீசுகிறார்கள். "நாத்தனார் சண்டை மாதிரி அழகாக இருக்கிறது" என்றாள் பாட்டி. அதைவிட நல்ல விமரிசனம் எனக்கு எழுத வரவில்லை.

ஆகவே நந்தினி ஒருத்தியல்ல, இரண்டு பேர். ஒருத்தி முகம் கொடுத்தாள், ஒருத்தி குரல் கொடுத்தாள். பாதி நடிப்பை மட்டும் பார்த்துவிட்டு முழுத் தீர்ப்பு எழுதினேனே, அது நியாயமா?

மறுநாள் ராத்திரி இரண்டாம் பாகம். அன்றைக்குப் பாட்டியின் காதுக்கே ஒரு சோதனை வந்தது. ஐசுவர்யா ராய்க்குப் படத்தில் இன்னொரு வேஷமும் உண்டு, ஊமை ராணி. அவளுக்குக் குரல் கிடையாது, வசனம் கிடையாது. தஞ்சை அரண்மனையில், சுந்தர சோழரைக் கொல்ல வந்தவர்களுக்குக் குறுக்கே அவள் வந்து விழுகிறாள். நாங்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். பாட்டிக்குக் கேட்டது வாத்தியச் சத்தமும் பிரகாஷ்ராஜின் குரலும்தான்.

"என்னடி நடக்கிறது? யாராவது சொல்லுங்களேன்" என்றாள்.

மாமா சொல்ல வாயெடுத்தார். அதற்குள் குட்டி கம்பளியோடு எழுந்து போய்ப் பாட்டியின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டது.

"அவங்கதான், பெரிய பாட்டி, பேச முடியாதவங்க. ராஜாவுக்கு வர வேண்டிய அடி அவங்க மேலே பட்டுடுச்சு. இப்போ ராஜாவையே பார்க்கறாங்க. அழலை. என்னமோ சொல்லணும் மாதிரி இருக்கு முகம். ஆனா சொல்ல முடியலை. ராஜாதான் அழறாரு."

பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அவள் யார் தெரியுமா உனக்கு?" என்று கேட்டு, ஈழத்துக் கடலோரத் தீவு ஒன்றில் ஓர் இளவரசன் கரை ஒதுங்கியதும், ஊமைப் பெண் ஒருத்தி அவனைக் காப்பாற்றியதும், அவன் திரும்பிப் போனதுமான கதையைச் சொன்னாள். படம் தன் பாட்டுக்கு ஓடியது. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

குறைகள் இல்லையா என்றால் உண்டு. பாட்டியின் பெரிய குறை, "மணிமேகலை எங்கே?" என்பதுதான். வந்தியத்தேவனுக்காக உருகி உயிர் விடும் அந்தப் பெண் படத்திலேயே இல்லை. சேந்தன் அமுதனாக அசுவின் வருகிறார். ஆனால் கதையின் முடிவில் அவனுக்குக் காத்திருக்கும் பெரிய திருப்பம் இல்லை. ஐசுவர்யா லட்சுமியின் பூங்குழலி படகில் நிற்கும் தோரணை ஒன்றே போதும், இன்னும் நாலு காட்சி கேட்கத் தோன்றுகிறது. கொடுக்கத்தான் நேரம் இல்லை. மூன்றரை வருஷம் வாராவாரம் வந்த கதையை ஐந்தரை மணி நேரத்தில் சொல்லும்போது முதலில் அடிபடுவது இந்த மாதிரிப் பெண்கள்தான். வாரத் தொடரில் அவர்களுக்கு ஒரு முழு வாரம் கிடைத்தது, திரையில் ஒரு நிமிஷம் கிடைக்கிறது. அது நடித்தவர்கள் குற்றமல்ல.

ஆக, திருத்திய தீர்ப்பு இதுதான். "நான் நினைத்த மாதிரி இருக்கிறாளா?" என்ற கேள்வியை விட்டுவிடுவோம். "அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்குப் புரிய வைத்தாளா?" என்று கேட்போம். அந்தக் கேள்விக்கு நந்தினி, வந்தியத்தேவன், பேசாத அந்த ராணி மூவரும் முழு மார்க்கு வாங்குகிறார்கள். நந்தினியின் மார்க்கை மட்டும் இரண்டு பேருக்குச் சரிபாதியாகப் பங்கு போட வேண்டும்.

மறுநாள் காலையிலும் மேகம் கலையவில்லை. காப்பி குடிக்க வந்தபோது பைண்டு புஸ்தகம் ஒன்று பாட்டியின் மடியில் இருந்தது. குட்டி பக்கத்தைப் புரட்டி, மணியத்தின் நந்தினியைப் பார்த்து, "இது அவங்க மாதிரியே இல்லையே!" என்று முகம் சுளித்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் சொன்னதையே தலைகீழாகச் சொல்கிறது! பாட்டி சிரித்து, "படத்தை விடு, எழுத்தைப் படி" என்றாள். குட்டி எழுத்துக் கூட்டி ஆரம்பித்தது. வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவனின் குதிரை அன்றைக்கு ரொம்ப மெதுவாகத்தான் நடந்தது.

இப்போது குட்டி பெங்களூரில் இருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் ஓர் அத்தியாயம் என்று ஏற்பாடு. மொத்தம் 293 அத்தியாயம். ஒரு நாள்கூட விடாமல் படித்தாலும் பத்து மாசம் ஆகும். பரீட்சை, ஜுரம், ஊர்ப் பயணம் எல்லாம் சேர்த்தால் ஒன்றரை வருஷமாவது ஆகும் என்று மாமா கணக்குப் போட்டார். பாட்டிக்கு எண்பத்தைந்து வயது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சென்ற வாரம் போன் செய்து விசாரித்தேன். "முதல் பாகம் முடியப் போகிறது. நந்தினிக்கு அவளே குரல் மாற்றிப் படிக்கிறாள். அந்த உஷாவைவிடக் கொஞ்சம் மட்டுத்தான், ஆனாலும் தேறிவிடுவாள்" என்றாள் பாட்டி.