திம்காட்: கோட்டுக்குள் அடங்காத ஊர்

அல்ஜீரியாவின் திம்காட்டை வானிலிருந்து எடுத்த படம் மிகவும் பிரபலம். அதைப் பார்த்துப் பலரும் சொல்வது இது: ரோமானியர் பாலைவனத்தில் வரைந்த சதுரங்கப் பலகை, வரைந்தபடியே வாழ்ந்து, மணல் மூடி அழிந்தது. ஊரின் கற்கள் இதை ஒத்துக்கொள்ளவில்லை.

பாலைவனமா? அவுரெஸ் மலையின் வடக்கடிவாரத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரத்தில், தானியமும் ஒலிவமும் விளைந்த மேட்டுநிலம் இது. பணி முடித்த சிப்பாய்களைக் குடியமர்த்த, கி.பி. 100-இல் பேரரசர் டிராஜன் ஆணைப்படி மூன்றாம் அகஸ்டா படையணி இதைக் கட்டியது. நீண்ட காலச் சேவைக்குக் கைம்மாறாக விளையாத மண்ணைக் கொடுத்தால் எந்தச் சிப்பாய் வாங்கிக்கொள்வான்?

பிசிறில்லாத சதுரங்கமா? பாதி உண்மை. பக்கத்துக்குச் சுமார் 355 மீட்டர் கொண்ட சதுரமும், குறுக்கும் நெடுக்குமான தெருக்களும் நிஜம்தான். ஆனால் வடக்கிலிருந்து வரும் முதன்மைத் தெரு ஊரைக் கடந்து போகவில்லை. பொது மன்றத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குத் தெற்கே குன்றுச் சரிவில் அரங்கம் அமைந்தது. நிலம் சொன்னதையும் கட்டியவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

வரைந்தபடியே இருந்ததா? இங்கேதான் அந்த வாதம் அடியோடு சரிகிறது. சில தலைமுறைகளிலேயே ஊர் மதிலைத் தாண்டியது. நகரின் தலைமைக் கோயிலான காபிட்டோல் சதுரத்துக்கு வெளியே எழுந்தது. தெருக்களின் போக்குக்கு அது இணங்கவும் இல்லை. உள்ளூர்ச் செல்வந்தர் செர்டியுஸ் மேற்குப் புறத்தில் சந்தை கட்டிக் கொடுத்தார். அவர் வீடு நின்றதோ இடித்த மதிலின் இடத்திலேயே! ‘டிராஜன் வளைவு’ என்று பெயர் பெற்ற மேற்கு வாசல் வளைவையும் டிராஜன் காலத்துக்குப் பிந்தியதாகவே அறிஞர்கள் பலர் கணிக்கிறார்கள்.

மணலா அழித்தது? 6-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியுஸ் வேறு சொல்கிறார்: எதிரிப் படை தங்கிவிடக் கூடாதென்று மலைவாழ் மூர்களே ஊரைக் காலிசெய்து இடித்தார்கள். பின்னால் வந்த பைசாந்தியத் தளபதி சாலமோனின் ஆட்கள் பழைய கற்களைப் பெயர்த்துத் தெற்கே கோட்டை கட்டினார்கள். மணல் செய்தது காவல் வேலை. அதனால்தான் 1881-இல் தொடங்கிய பிரெஞ்சு அகழாய்வால் ஒரு முழு ஊரையே மீட்க முடிந்தது.

கட்டத்தை வரைந்தவர்களுக்கு உரிய புகழ் இருக்கட்டும். ஆனால் இந்த ஊரின் வரலாறு அடுத்த பக்கத்திலும் தொடர்கிறது. அதை எழுதியவர்களில் ஒருவர், மதில் நின்ற இடத்தில் வீடு கட்டிய செர்டியுஸ்.