ஜோடியாக விற்கப்படும் பார்ப்புகள்

நவி மும்பையின் சான்பாடாவில், ஹார்பர் வழித்தட ரயில் நிலையத்தை அடுத்துள்ள அடுக்ககங்களின் பால்கனிகளில், புறா வலைக்கு உட்புறம் தொங்கும் சிறு கூண்டுகளைக் காணலாம். அவற்றில் அடிக்கடி தென்படும் பறவைக்குக் கடை வழக்கில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று பெயர். அப்பெயருக்கு உரிய இனம் வேறு. அது ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அகபோர்னிஸ். கூண்டில் இருப்பதோ ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டைச் சேர்ந்த பட்ஜரிகர். ஜார்ஜ் ஷா 1805இல் விவரித்து அறிவியற்பெயர் இட்ட பறவை அது. ஜான் கூல்டு 1840இல் அதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார்.

பெயர்கள் இடம் மாறி அமர்வது மொழியில் இயல்பே. அதற்காக யாரையும் குறைகூற வேண்டியதில்லை. இந்தப் பெயர் செய்யும் வேலைதான் கவனத்துக்குரியது. தமிழ்ப் பேச்சில் ‘ஒரு லவ் பேர்ட்ஸ்’ என்றே வழங்குகிறது. ஆங்கிலப் பன்மை விகுதி பகுதியோடு ஒட்டிப்போய், ஒருமை வடிவமே இல்லாத சொல்லாக அது நிலைத்துவிட்டது. பறவைக்கும் அதே கதிதான். காதலைப் பெயரிலேயே கொண்ட ஒன்றைத் தனியாக வாங்க மனம் வருவதில்லை. ஜோடி என்றே கேட்கிறார்கள், ஜோடி என்றே விலை சொல்லப்படுகிறது. ஆகவே ஆறு வாரக் குஞ்சும் தான் ஆணா பெண்ணா என்ற விடையோடு கைமாற வேண்டியிருக்கிறது. குஞ்சின் உடலில் அவ்விடை தெளியாத நிலையிலும் விற்பவரின் வாயில் அது தயாராக இருக்கிறது.

உடல் சொல்வது எவ்வளவு? அலகுக்கு மேலே நாசித்துளைகளைச் சூழ்ந்த மெல்லிய தோலை வளர்ப்போர் ‘மூக்கு’ என்பர். வளர்ந்த ஆணுக்கு அது நீலம்; வளர்ந்த பெண்ணுக்கு வெளிர்பழுப்பு முதல் அடர்பழுப்பு வரை. வாங்குவோர் மனத்தில் பதிந்திருப்பது இந்த ஒரு விதி மட்டுமே. குஞ்சிடம் அது ஏறத்தாழத் தலைகீழாகும். ஆண் குஞ்சின் மூக்கு முழுவதும் ஒரே சீரான இளஞ்சிவப்பு அல்லது ஊதா. பெண் குஞ்சின் மூக்கு வெளிறிய நீலம். துளைகளைச் சுற்றி வெண்வளையம். நீலத்தைக் கண்டவுடன் ‘ஆண்’ என்று வீட்டுக்குக் கொண்டுவரப்படும் குஞ்சு நான்கைந்து மாதங்களில் மூக்குப் பழுப்பேறி நிற்பது இதனால்தான். இன்னொரு சிக்கலும் உண்டு. சந்தையில் மிகவும் விரும்பப்படும் மஞ்சள் லுட்டினோ, வெள்ளை ஆல்பினோ, டேனிஷ் பைட் ஆகிய வகைகளில் ஆணின் மூக்கு வளர்ந்த பின்னும் நீலமாவதில்லை, இளஞ்சிவப்பாகவே நின்றுவிடும். அங்கே வளர்ந்த பறவைக்குரிய விதியும் உதவாது.

இத்தனை நுண்ணிய வேறுபாட்டைக் கைப்பேசி ஒளிப்படத்தில் தேடுகிறார்கள். வெண்மைக்கும் இளநீலத்துக்கும் இடையிலுள்ள சாயலைக் குழல்விளக்கும் படக்கருவியின் நிறச் சமன்பாடும் எளிதில் மாற்றிவிடும். படத்தைப் பார்த்து ‘நிச்சயம் பெண்’ என்று எழுதுபவர் பாதிக்குப் பாதி சரியாகவே இருப்பார். நாணயம் சுண்டினாலும் அதே பலன்தான். நாள்தோறும் கூட்டுப்பெட்டியைத் திறந்து பார்க்கும் அனுபவமுள்ள வளர்ப்பாளர் பெரும்பாலும் தவறுவதில்லை என்பது உண்மை. அவருடைய அறிவு ஒரே அடைகாலத்துக் குஞ்சுகளை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பிறப்பது. தனியொரு படம் அவ்வொப்பீட்டைத் தராது.

தாய்ப்பறவையின் நிறம் தெரிந்தால் நிலைமை மாறும். பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள். பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. லுட்டினோவும் ஆல்பினோவும் இனோ என்னும் ஒரே நிறமாற்றத்தின் இரு தோற்றங்கள். இனோ, ஓபலைன், சின்னமன் ஆகியவை இசட் குரோமோசோமில் அமைந்த, ஒடுங்கு தன்மையுடைய நிறமாற்றங்கள். மகனுக்குத் தாயும் ஒரு இசட்டைத் தருகிறது. மகளுக்குத் தந்தையிடமிருந்து மட்டுமே இசட் கிடைக்கிறது. எனவே தாய் இனோ இல்லாதபோது, கூட்டில் லுட்டினோவாகவோ ஆல்பினோவாகவோ வெளிப்படும் குஞ்சு பெண்ணாகத்தான் இருக்க முடியும். தந்தை யாரென்று அறியவும் தேவையில்லை. மூக்கைக் கூர்ந்து பார்த்தும் கிடைக்காத உறுதி, தாயைப் பற்றிய ஒரு தகவலில் கிடைக்கிறது. பல ஜோடிகளை ஒரே பெருங்கூண்டில் அடைத்துப் பெருக்கும் இடங்களில் முதலில் தொலைவது இந்தத் தகவல்தான்.

இதே கணக்கு வேறொரு பிழையையும் காட்டிக்கொடுக்கிறது. வெளியே தெரியாமல் ஒரு நிறமாற்றத்தைச் சுமக்கும் பறவையை வளர்ப்போர் ‘ஸ்ப்ளிட்’ என்பர். ‘பெண், ஓபலைன் ஸ்ப்ளிட்’ என்ற விற்பனை வாசகம் இலக்கணப்படி பழுதற்றது; பொருள்படி வெறுமையானது. ஒரே இசட் கொண்ட பெண்ணில் அக்கூறு இருந்தால் வெளிப்பட்டே தீரும், மறைந்திருக்க இடமில்லை. ஆயினும் அச்சொல்லுக்குக் கூடுதல் விலை கேட்கப்படுகிறது.

நிறப்பெயர்கள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. ‘பச்சை’, ‘நீலம்’ என்பன பார்த்ததைச் சொல்வன. காட்டுப் பறவையின் பச்சை, மஞ்சள் நிறமியும் இறகின் நுண்ணமைப்பு தரும் நீலமும் சேர்ந்து தோன்றுவது. மஞ்சள் நிறமி உருவாகாவிட்டால் எஞ்சுவது நீலம். நிறமியை ஆக்கும் நொதியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதே அதற்குக் காரணம் என்று 2017இல் ‘செல்’ ஆய்விதழில் வெளியான கட்டுரை காட்டியது. ‘ஆல்பினோ’ என்பதோ ஓர் ஊகத்தின் முடிவு: நீல வரிசைப் பறவையின் மேல் இனோ படிந்து, கருநிறமி முழுவதையும் அழித்த நிலை. அந்த வெண்மைக்கு அடியில் வானநீலமா, கோபால்ட்டா, ஓபலைனா என்று எந்தப் படமும் சொல்லாது. இரட்டைக் காரணி ஸ்பாங்கிளும் தூய வெள்ளையாகவே இருக்கும். கண் மட்டும் கருமை. சிவந்த கண்ணா, கரிய கண்ணா என்று கேளாமல் ‘ஆல்பினோ’ என்று எழுதுவது, பெயரிடுவதைவிட விலைச்சீட்டு ஒட்டுவதையே அதிகம் ஒத்திருக்கிறது.

தொல்காப்பிய மரபியல் இங்கே நினைவுக்கு வருவது தற்செயலன்று. அது இளமைப் பெயர்களை முதலில் ஒரு தொகுதியாகவும், ஆண்பாற் பெயர்களையும் பெண்பாற் பெயர்களையும் தனித்தனித் தொகுதிகளாகவும் வைக்கிறது. பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை. சிறகுடையவற்றின் ஆணுக்கு, மயில் நீங்கலாக, சேவல். பெண்ணுக்குப் பேடை, பெடை. பார்ப்பு என்ற சொல்லுக்குள் ஆண்பெண் வேறுபாடு இல்லை. இலக்கண நூல் உயிரியல் பேசுகிறது என்று பெருமை கொள்ள இதில் ஏதுமில்லை. ஆனால் ஆணென்றோ பெண்ணென்றோ சொல்லாமல் ஓர் உயிரைப் பெயரிட்டு அழைக்கும் வசதியைத் தமிழ் நெடுங்காலமாக வைத்திருக்கிறது என்பது உண்மை. சான்பாடாவின் பிற மொழிகளை அருகில் வைத்தால் இது இன்னும் தெளிவாகும். மராத்தியில் மூன்று பால்கள் உண்டு. கிளியைக் குறிக்கும் ‘போபட்’ ஆண்பால், குஞ்சைக் குறிக்கும் ‘பில்லூ’ அலிப்பால். இந்தியில் ‘தோத்தா’வும் ஆண்பால், ‘பச்சா’வும் ஆண்பால், வினைமுற்றும் அதற்கேற்பவே அமையும். ஒரே குஞ்சு இந்தி பேசும் கடையில் இலக்கணத்தால் ஆணாகவும், மராத்தி பேசும் அண்டை வீட்டில் இரண்டும் அற்றதாகவும், தமிழ் வீட்டில் வெறும் ‘அது’வாகவும் வாழ்கிறது. இம்மூன்றில் எதுவும் பறவையின் பாலைத் தீர்மானிப்பதில்லை. வாங்குபவரோ அதனைக் கேட்ட முதற்கணமே தீர்மானிக்க விரும்புகிறார்.

இதன் விலையைக் கூண்டுக்குள் இருப்பவை கொடுக்கின்றன. ஜோடி என்று நம்பி அடைக்கப்பட்ட இரு பெண்களுக்கிடையே கூட்டுப்பெட்டி ஒன்றைத் தொங்கவிட்டால், அதனைக் கைப்பற்றக் குருதி சிந்தும் சண்டை மூளும். ஓராண்டு நிரம்பாத பெண்ணை ஈன விட்டால் முட்டை உள்ளேயே சிக்கி உயிர் போவதும் உண்டு. இரண்டு ஆண்கள் பெரும்பாலும் அமைதியாகக் கூடி வாழும். ஆனால் ‘ஜோடி சேரவில்லை’ என்று அவற்றில் ஒன்று திருப்பி அனுப்பப்படும்.

நெற்றிக் கோடுகள் மூக்குவரை இறங்கியிருப்பது குஞ்சுப் பருவத்தின் அடையாளம். மூன்று, நான்கு மாதங்களில் முதல் இறகுதிர்ப்போடு அவை பின்வாங்கும். மூக்கின் நிறமும் அதன்பின் தெளியத் தொடங்கும். அதுவரை விலைச்சீட்டில் எழுதத் தகுந்தவை மூன்று: பொரித்த நாள், தாயின் நிறம், தந்தையின் நிறம். ஆண், பெண் என்ற கட்டத்தை வெறுமையாக விடலாம்.