தாயாரைக் கேட்டீர்களா?

பெற்றோரை ஊரில் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு, போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) பிழைக்கிற பிள்ளைகள் நம்மில் உண்டு. "அம்மா இரவெல்லாம் சத்தமிடுகிறார்கள், மாத்திரை கொடுக்கலாமா?" என்று அங்கிருந்து தொலைபேசி வருகிறது. "கொடுங்கள்" என்கிறோம்.

எந்த மாத்திரை? மறதிநோயுள்ள முதியோருக்கு மனநோய் மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005-இல் புதுவகை மருந்துகளுக்கும், 2008-இல் பழையவற்றுக்கும் எச்சரிக்கை பொறிக்கச் செய்தது. சத்தத்திற்குக் காரணம் சிறுநீர்த் தொற்றாகவோ, மலச்சிக்கலாகவோ, சொல்லத் தெரியாத வலியாகவோ இருக்கலாம். அப்படியானால் மாத்திரை வாயை அடைக்குமேயன்றி நோயைத் தீர்க்காது.

சமீரா கோலி வழக்கைக் கவனியுங்கள். மயக்கமருந்தின்கீழ் இருந்த மகளுக்காகத் தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நன்மை, ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றை அறிந்து நோயாளியே சம்மதிக்க வேண்டும் என்றது. தாய்க்கே இல்லாத உரிமை, புத்தித் தெளிவோடிருக்கும் தாயின்மேல் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

தெளிவு குன்றும் நாளுக்காக 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. தமக்காகப் பேச யாரை நியமிக்கிறார் என்பதை அவரே வெற்றுத்தாளில் எழுதிக் கையொப்பமோ கைரேகையோ இடலாம். (வீட்டுப் பத்திரத்துக்குக் காட்டிய அக்கறையில் பாதி போதும்.) அடுத்த முறை கப்பலேறிச் செல்லும்போது, அவர்கள் தெளிவாயிருக்கும் காலைவேளையில் அருகே அமர்ந்து இதைப் பேசுங்கள். மருந்துச்சீட்டின் நகலையும் இல்லத்தாரிடம் கேட்டு வாங்குங்கள்.