எலியைக் காட்டினார்கள், கோரிக்கையை மறைத்தார்கள்!



டெல்லி ஜந்தர் மந்தரில் 2017 மார்ச் 14-ல் தொடங்கி 41 நாட்கள் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் போராடினார்கள். அந்தப் போராட்டத்தில் என்ன ஞாபகம் இருக்கிறது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். மண்டை ஓடு, வாயில் கவ்விய எலி, பாம்புக் கறி, தரையில் கொட்டித் தின்ற சோறு, துணியைக் களைந்து ஓடியது என்று வரிசையாகச் சொல்வார்கள். சரி, அவங்க என்னதான் கேட்டாங்க என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். பலபேர் முழிப்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. அவர்களுக்குக் காட்டப்பட்டது அவ்வளவுதான்.

கேட்டது வறட்சி நிவாரணம், கடன் தள்ளுபடி, காவிரி மேலாண்மை வாரியம், விளைபொருளுக்குக் கட்டுப்படியான விலை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து போச்சு. 2017 ஜனவரி 10-ல் தமிழகம் வறட்சி மாநிலமாக அறிவிக்கப்பட்டது. மாநில அரசு மத்திய அரசிடம் கேட்டது 39,565 கோடி ரூபாய். ஒப்புதல் கிடைத்தது 1,748 கோடி. நூறு ரூபாய் கேட்டவனுக்கு நாலரை ரூபாய்கூட முழுசாக வரவில்லை! இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு அமைச்சர்களிடம் தினம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டார்களா? மாறாக, போராடுகிறவர்களுக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது, தண்ணீர் பாட்டில் யார் வாங்கித் தந்தது என்ற ஆராய்ச்சிதான் பெரிதாக நடந்தது.

சும்மா உட்கார்ந்தால் கேமரா வராது. எலியைக் கவ்வினால் வரும். வந்த கேமரா எலியை மட்டும் எடுத்துக்கொண்டு போகும். நாளைக்கு அதைவிடப் பெரிய கூத்து வேண்டும் என்று கேட்கும். இதுதான் நமக்கு வைத்திருக்கிற பொறி.

நம்மூர்ச் செய்தியையும் பாருங்கள். வருஷா வருஷம் அறுவடை சமயத்தில் மழை பிடித்தால் ஒரே தலைப்புதான்: "நெல் மூட்டைகள் நனைந்து நாசம், விவசாயிகள் வேதனை." ஆள் மாறும், ஊர் மாறும், வேதனை மட்டும் மாறாது. அந்தத் தலைப்பில் குற்றவாளி யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏதோ மழை பெய்தது, விவசாயி அழுதான், அவ்வளவுதான். கொள்முதல் நிலையத்துக்குச் சாக்கு ஏன் வரவில்லை? மூட்டையை ஏற்ற லாரி ஏன் வரவில்லை? 17 சதவீத ஈரப்பதம் என்று நெல்லைத் திருப்பி அனுப்புகிறவர்கள், காயவைக்க ஒரு களத்தையோ மூடிவைக்க ஒரு கொட்டகையையோ ஏன் கட்டித் தரவில்லை? மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்குகிற மாமூல் யார் யாருக்குப் போகிறது? இவையெல்லாம் பதில் சொல்ல ஆள் இருக்கிற கேள்விகள். கண்ணீரைக் காட்டி அந்த ஆளைத் தப்பிக்க விடுகிறார்கள்.

மூன்று வேளாண் சட்டங்களின் கதை இன்னும் மோசம். 2020 ஜூன் 5-ல் அவசரச் சட்டம் வந்தது. ஒன்பதே நாளில், ஜூன் 14-ல், இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்தார். ஒரு இளைஞரின் சாவு துயரமானது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாவைச் சேனல்கள் மாதக்கணக்கில் தொடர்கதையாக ஓட்டின. செப்டம்பர் 20-ல் மாநிலங்களவையில் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு கேட்டும் மறுத்து, குரல் வாக்கெடுப்பில் மசோதாவை நிறைவேற்றினார்கள். செப்டம்பர் 25-ல் நாடு முழுக்க விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். அன்றும் மறுநாளும் பல சேனல்களின் கேமராக்கள் போதைப்பொருள் விசாரணைக்குப் போன நடிகைகளின் கார்களைத் துரத்திக்கொண்டிருந்தன. அதே நவம்பரில் டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்த பிறகு, பீட்சா தின்கிறார்கள், கால் அமுக்க மெஷின் வைத்திருக்கிறார்கள் என்று கிளம்பினார்கள். அடுத்து காலிஸ்தானி என்றார்கள். சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பிரித்துச் சொன்னவர்கள் சொற்பம். கடைசியில் 2021 நவம்பர் 29-ல் அதே சட்டங்களை விவாதமே இல்லாமல் நிமிஷக் கணக்கில் திரும்பப் பெற்றார்கள். ஏன் கொண்டுவந்தோம், ஏன் எடுத்தோம் என்று நாடாளுமன்றத்தில் முழுசாக விவாதிக்கவே இல்லை. கேள்வி கேட்க வேண்டிய பத்திரிகை வேடிக்கை பார்த்தால், ஆட்சியில் இருப்பவனுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எப்படி வரும்?

விலை விஷயத்துக்கு வருவோம். "செலவுக்கு மேல் 50 சதவீதம் கொடுத்துவிட்டோம்" என்று அரசு சொல்கிறது. சேனல் அப்படியே ஓட்டுகிறது. எந்தச் செலவு? விதை, உரம், கூலி போன்ற கைச்செலவோடு குடும்பத்தாரின் உழைப்பைச் சேர்ப்பது ஒரு கணக்கு. இதை ஏ2+எஃப்எல் என்கிறார்கள். அதோடு சொந்த நிலத்துக்கு வாடகை, போட்ட முதலுக்கு வட்டி சேர்ப்பது சி2 என்ற இன்னொரு கணக்கு. 2023-24-ல் குவிண்டால் நெல்லுக்கு முதல் கணக்கில் செலவு 1,455 ரூபாய். அதன்மேல் ஒன்றரை மடங்கு வைத்து 2,183 என்று விலை அறிவித்தார்கள். சி2 கணக்கில் செலவு 1,911. ஒன்றரை மடங்கு வைத்தால் 2,866 ரூபாய் 50 காசு. குவிண்டாலுக்கு 683 ரூபாய் 50 காசு எங்கே போச்சு? நாலாம் வகுப்புக் கணக்குதான். இதைப் போட்டுக் காட்ட ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷம்தான் இல்லையாம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் தற்கொலை செய்துகொண்ட விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் 11,290 பேர். மணிக்கு ஒருவருக்கும் மேல். இரவு எட்டு மணிக்கு நாலு பேர் கத்தத் தொடங்கி ஒன்பது மணிக்கு முடிப்பதற்குள் எங்கோ ஒரு வீட்டில் ஒரு உயிர் போயிருக்கிறது. மும்பையில் 2006-ல் நடந்த ஃபேஷன் வாரத்துக்கு 512 பத்திரிகையாளர்கள் போனார்கள், விதர்பாவில் பருத்தி விவசாயிகளின் சாவைப் பற்றி எழுத வெளியிலிருந்து வந்தவர்கள் ஆறு பேர் என்று பி. சாய்நாத் சுட்டிக்காட்டினார். பருத்திச் சட்டைக்கு 512 பேர், பருத்தி விளைத்தவன் சாவுக்கு 6 பேர்!

"மக்கள் விரும்புவதைத்தான் காட்டுகிறோம்" என்று பதில் சொல்கிறார்கள். பொய்! 2018 மார்ச்சில் மகாராஷ்டிர விவசாயிகளும் ஆதிவாசிகளும் நாசிக்கிலிருந்து மும்பைக்கு 180 கிலோமீட்டர் நடந்தார்கள். தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று கடைசி இரவு தூங்காமல் நடந்தே மைதானத்துக்குப் போனார்கள். வெடித்த பாதங்களின் படம் வெளியானது. அந்தப் பெருநகரத்து ஜனங்கள் சோறும் தண்ணீரும் செருப்பும் கொண்டுவந்து கொடுத்தார்கள். மார்ச் 12-ல் அரசு எழுத்துமூலம் உறுதி தந்தது. விஷயம் தெரிந்தால் மக்கள் நம்மோடு நிற்பார்கள். தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் இங்கே நடக்கிறது.

வெயிலில் அலைந்து செய்தி சேகரிக்கும் உள்ளூர் நிருபர்கள் நமக்கு எதிரிகள் அல்ல. அவர்கள் அனுப்புகிற இருபது வரியை இரண்டு வரியாக வெட்டுகிற மேசையையும், அதன் பின்னாலிருக்கும் விளம்பரக் கணக்கையும்தான் எதிர்க்கிறோம்.

ஆகவே நம் சங்கத்தின் முடிவுகள்:

1. இனி எந்தப் போராட்டத்திலும் நிருபர்களிடம் ஒரே ஒரு தாள் கொடுப்போம். அதில் நம் செலவு, நமக்குக் கிடைத்த விலை, பதில் சொல்ல வேண்டிய அதிகாரியின் பதவி ஆகிய மூன்றும் இருக்கும்.

2. மைக்கை நீட்டினால் அழமாட்டோம். யார், எந்தத் தேதிக்குள், என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் பேசுவோம்.

3. அதே தாளைக் கிராம சபையில் வாசித்துத் தீர்மானமாக்குவோம். கலெக்டர் நடத்தும் குறைதீர் கூட்டத்தில் பதிவு செய்வோம். பதில் வராவிட்டால் அடுத்த மாதமும் அதையே கேட்போம்.

4. நம் கோரிக்கையை விட்டுவிட்டுக் கூத்தை மட்டும் போடும் பத்திரிகைக்கும் சேனலுக்கும் ஊருக்கு நூறு அஞ்சலட்டை அனுப்புவோம்.

விவசாயி பரிதாபத்துக்குரியவன் அல்ல, கணக்குக் கேட்கும் குடிமகன்! நம் கண்ணீரைப் படமெடுத்தது போதும், நம் கணக்கை அச்சிடு!

உழவர் ஒற்றுமை ஓங்குக! போராட்டம் வெல்க!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்